கரையில் நின்ற நாளின் கூலி

 

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் நம் திருவண்ணாமலையில் மண் சரிந்து வ.உ.சி. நகரில் ஏழு உயிர்கள் மாண்டன. அவர்களுள் ஐவர் குழந்தைகள். அத்துயரை நாம் மறக்கவில்லை. அதே புயல் கடலோர மக்களுக்கு என்ன செய்தது என்பதையும் நாம் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

புயலுக்குப் பல நாட்கள் முன்பே கடலுக்குச் செல்ல வேண்டாமென மீனவர்கள் எச்சரிக்கப்பட்டனர். படகுகள் கரையில் நின்றன. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது நிலைமை வேறு. எச்சரிக்கை எட்டுமுன்பே குமரி மாவட்டப் படகுகள் ஆழ்கடலுக்குச் சென்றுவிட்டன. நூற்றுக்கும் மேற்பட்டோர் கரை திரும்பவில்லை. எனவே எச்சரிக்கை ஓர் அருட்கொடை என்பதில் ஐயமில்லை. ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே தவக்குல் வைக்க வேண்டுமெனக் கற்றவர்கள் நாம்.

ஆனால் சகோதரர்களே, அந்தப் பாதுகாப்பின் விலையைச் செலுத்துவது யார்? நாட்டுப்படகும் ஃபைபர் படகும் வைத்திருப்போர் அன்றாடம் கடலுக்குச் சென்று அன்றாடம் உண்பவர்கள். படகு நின்றால் வலை இழுப்பவருக்குப் பங்கில்லை. கூடை சுமந்து விற்கும் பெண்ணுக்கு வியாபாரமில்லை. அடுப்போ ஒருநாளும் நிற்பதில்லை. ஆகவே வியாபாரியிடம் முன்பணம் வாங்குகின்றனர். பிறகு அவர் சொன்ன விலைக்கே மீனைக் கொடுக்கின்றனர். இன்னும் சிலர் வட்டிக்கு வாங்குகின்றனர். உயிரைக் காத்த உத்தரவே கடனில் தள்ளுகிறது. அடுத்த எச்சரிக்கையின்போது கடன்காரரை எண்ணி ஒருவர் துணிந்து படகை இறக்கினால், அவரை மட்டும் குறை கூறுவது நீதியாகுமா?

ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் நீடிக்கும் மீன்பிடித் தடைக்காலத்திற்கான நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்துவதாகத் தமிழக அரசு 2023இல் அறிவித்தது. மீன்வரத்துக் குறையும் காலத்திற்கும் உதவித்தொகை உண்டு. இவை நன்றிக்குரியவை. எனினும், எச்சரிக்கையால் இழந்த நாட்களைக் கணக்கிட்டு ஈடு செய்யும் முறையும் வேண்டும். எந்தக் கடற்பகுதியில், எத்தனை நாள் ஆபத்து என்பதைத் துல்லியமாகச் சொன்னால் வீணாகும் நாட்களும் குறையும்.

கடல் நமக்குத் தொலைவு. இது நமக்கெதற்கு என எண்ண வேண்டாம். தீபத் திருவிழாவின்போது பாதுகாப்புக்காகப் போக்குவரத்து மாற்றப்படுகையில், ஆட்டோ ஓட்டுவோரும் தள்ளுவண்டி வியாபாரிகளும் வருமானம் இழப்பதை நாம் கண்டிருக்கிறோம். ஊர் முழுவதும் பெறும் நன்மைக்கு ஏழை மட்டும் விலை கொடுப்பது முறையன்று.

வட்டியை விலக்கினால் மட்டும் போதாது. வட்டிக்குச் செல்லும் வழியையும் அடைக்க வேண்டும். நம் மஹல்லாவில் அன்றாடங் காய்ச்சிகளுக்கு வட்டியில்லா அழகிய கடன் வழங்க ஒரு சிறு நிதியை நாம் தொடங்குவோம். புயற்காலத்தில் கடலோர ஜமாஅத்துகளோடு தொடர்பு கொண்டு, மதம் பாராமல் மீனவக் குடும்பங்களுக்கும் அதிலிருந்து உதவுவோம். உத்தரவுக்குக் கட்டுப்பட்டவர் பசியோடு உறங்காதிருக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லெண்ணத்தைத் தருவானாக! ஆமீன்.