படத்தின் கீழே இருக்கும் எழுத்து

 

இன்று நாம் பாடப் புத்தகத்தைத் திறக்கப் போவதில்லை. படம் பார்க்கப் போகிறோம். என் பையில் நான்கு படங்கள் இருக்கின்றன. நான்கும் அருவிப் படங்கள். ஒவ்வொன்றாகக் காட்டுகிறேன்.

இதோ முதல் படம். நன்றாகப் பாருங்கள். பெரிய பாறை. வெள்ளை வெளேர் என்று கொட்டும் தண்ணீர். மேலே புகை போல ஒரு மூட்டம். இது எந்த இடம்?

“ஒகேனக்கல்!” என்கிறீர்கள். பரிசலில் போய் வந்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். அதனால் அப்படித்தான் தோன்றும். ஆனால் படத்தின் அடிப்பகுதியை நான் மடித்து வைத்திருக்கிறேன். இப்போது பிரிக்கிறேன். முன் வரிசையில் இருக்கும் அக்கா, நீங்கள் எழுத்துக் கூட்டிப் படியுங்கள்.

“விக்-டோ-ரி-யா அருவி. ஆப்-பி-ரிக்-கா.”

சபாஷ்! பார்த்தீர்களா? கண் ஒன்று சொன்னது. எழுத்து வேறு ஒன்று சொல்கிறது.

இந்த அருவி சாம்பியா, சிம்பாப்வே என்ற இரண்டு நாடுகளுக்கு நடுவில் இருக்கிறது. ஆற்றின் பெயர் சாம்பசி. அருவியின் உயரம் சுமார் 350 அடி. அகலம் ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல். தண்ணீர் விழுந்து சிதறுகிறது. சிறு சிறு துளியாகிக் காற்றில் மேலே எழுகிறது. தூரத்தில் இருந்து பார்த்தால் புகை போலத் தெரிகிறது. முழு நிலவு நாளில் அந்தத் துளிகளில் இரவிலும் வானவில் தெரியும்.

1855-ஆம் ஆண்டு லிவிங்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர் அங்கே போனார். தம் நாட்டு ராணியின் பெயரை அருவிக்கு வைத்தார். ஆனால் அங்கே வாழ்ந்த மக்கள் அதற்கு முன்பே ஒரு பெயர் வைத்திருந்தார்கள். ‘மோசி-ஓவா-துன்யா’ என்பது அந்தப் பெயர். அதன் பொருள், ‘இடி போல முழங்கும் புகை’.

இப்போது நம் ஒகேனக்கல்லுக்கு வாருங்கள். கன்னடத்தில் ‘ஹொகெ’ என்றால் புகை. ‘கல்’ என்றால் கல். புகையும் கல்! எங்கேயோ ஆப்பிரிக்கா. எங்கேயோ காவிரி. ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. இரண்டு ஊர் மக்களும் தண்ணீரைப் பார்த்துப் ‘புகை’ என்றே பெயர் வைத்தார்கள். பெயரைப் படித்ததால்தானே இது நமக்குத் தெரிந்தது?

இரண்டாவது படத்தையும் மூன்றாவது படத்தையும் சேர்த்துக் காட்டுகிறேன். ஒன்றில் மலை நிறையத் தண்ணீர். இன்னொன்றில் காய்ந்த பாறை. நடுவில் வெள்ளை நூல் போல ஒரு கோடு. இரண்டும் வேறு வேறு இடமா?

இல்லை. இரண்டும் ஒரே இடம். நம் கொள்ளேகாலைத் தாண்டினால் வரும் சிவனசமுத்திரம். அங்கே காவிரி இரண்டாகப் பிரிகிறது. ஒரு பக்கம் ககனசுக்கி அருவி. இன்னொரு பக்கம் பரசுக்கி அருவி. இந்தப் படங்களில் இருப்பது ககனசுக்கி. ஒரு படத்தின் கீழே ‘ஆகஸ்டு’ என்று இருக்கிறது. மற்றதன் கீழே ‘ஏப்ரல்’ என்று இருக்கிறது. மாதத்தைப் படித்தால் குழப்பம் தீர்ந்தது.

ககனசுக்கியின் உயரம் ஏறக்குறைய 300 அடி. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவில் உள்ள நயாகரா அருவி உலகப் புகழ் பெற்றது. அதன் உயரம் 170 அடிதான். தண்ணீரின் அளவில் நயாகரா மிகப் பெரியது. உயரத்தில் நம் அருவிதான் பெரியது! இது படத்தில் தெரியாது. கீழே இருக்கும் எண்ணில்தான் தெரியும்.

சிவனசமுத்திரத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1902-ஆம் ஆண்டு அங்கே தண்ணீரில் இருந்து மின்சாரம் எடுத்தார்கள். ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்தார்கள். கோலார் தங்க வயலுக்கு மின்சாரம் போனது. அங்கே சுரங்கத்தில் பாடுபட்டவர்களில் தமிழர்கள் மிகப் பலர். 1905-ஆம் ஆண்டு பெங்களூரிலும் விளக்கு எரிந்தது. நம் பக்கத்துத் தண்ணீர் செய்த வேலை அது.

இனி நான்காவது படம். இது என் கைபேசிக்கு வந்தது. பச்சை நிறத்தில் ஒரு அருவி. வானத்தில் இருந்தே கொட்டுவது போல இருக்கிறது. மிகவும் அழகு. இது எந்த ஊர்? தெரியாது. யார் எடுத்தது? தெரியாது. கீழே ஒரு எழுத்தும் இல்லை. இப்போது கணினியே இல்லாத அருவியை இருப்பது போலப் படமாக்கித் தருகிறது. ஆகவே பெயர், ஊர், ஆண்டு இல்லாத படத்தை உடனே நம்ப வேண்டாம். அடுத்தவருக்கு அனுப்பவும் வேண்டாம்.

கடைசியாக ஒரு செய்தி. நம் மையத்துக்கு வரும் ஒரு அக்காவின் கதை இது. சொல்லலாம் என்று அவரே அனுமதி தந்தார். சில ஆண்டுகளுக்கு முன்பு அவர் மகனோடு ஒரு ஆற்றங்கரைக்குப் போனார். பையன் படம் எடுத்துக்கொள்ள ஒரு பாறையில் ஏறினான். பாசி வழுக்கியது. விழுந்தான். பரிசல்காரர் ஒருவர் அவனைக் கரை சேர்த்தார். உயிர் பிழைத்தான். ஆனால் இன்றும் ஒரு காலை இழுத்து இழுத்துத்தான் நடக்கிறான்.

அந்த அக்கா சொன்னார்: “பாறைக்குப் பக்கத்திலேயே பலகை இருந்தது, தம்பி. சிவப்பு எழுத்து. ஏதோ விளம்பரம் என்று நினைத்தேன்.”

‘ஆபத்து. இங்கே ஏறாதீர்கள்.’ அந்தப் பலகையில் இருந்தது இவ்வளவுதான். அதைப் படிக்கத்தான் அந்த அக்கா நம் மையத்தில் சேர்ந்தார். இன்று முதல் படத்தைப் படித்தவரும் அவர்தான்.

மேலே அணையைத் திறந்தால் காவிரியில் தண்ணீர் விரைவாக ஏறும். 2018-ஆம் ஆண்டு ஒகேனக்கல்லில் விநாடிக்கு 1 லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் வந்தது. குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை போட்டார்கள். அப்படிப்பட்ட நாளில் பலகையைப் படிப்பவர் தப்பிப்பார்.

1956 வரை நம் கொள்ளேகால் தாலுகா கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பிறகு மைசூர் மாநிலத்தில் சேர்ந்தது. நம் பக்கத்தில் தமிழும் உண்டு, கன்னடமும் உண்டு. பலகையில் கன்னட எழுத்துதான் அதிகம். முதலில் தமிழ் எழுத்தை உறுதியாகப் பிடிப்போம். அடுத்து கன்னட எழுத்தையும் கற்போம்.

அடுத்த வாரம் வரும்போது ஆளுக்கு ஒரு படம் கொண்டு வாருங்கள். பழைய நாட்காட்டிப் படம் போதும். வீட்டுப் படமும் போதும். அதன் கீழே மூன்று வரி எழுதுங்கள். எந்த இடம்? எந்த ஆண்டு? படத்தில் என்ன நடக்கிறது? எழுத்துப் பிழை வந்தால் வரட்டும். சேர்ந்து திருத்துவோம்.

நாளை உங்கள் பேரப்பிள்ளை அந்தப் படத்தைக் கையில் எடுப்பான். “இது எந்த ஊர்?” என்று யாரையும் கேட்க மாட்டான். நீங்கள் எழுதியதைப் படிப்பான்.