‘இனி ஒன்றும் செய்வதற்கில்லை’ என்ற பிறகு

“இனிமே பண்றதுக்கு ஒண்ணுமில்லை, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க.” தமிழ்நாட்டு மருத்துவமனை வராந்தாக்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. எண்பது வயதுப் பெரியவருக்குப் புற்று கல்லீரலுக்குப் பரவிவிட்டது. அல்லது இதயம் தளர்ந்து கால் வீங்கிவிட்டது. அல்லது மறதி நோய் முற்றி, பெற்ற மகளையே யாரென்று கேட்கிறார். டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கிக்கொண்டு குடும்பம் ஆம்புலன்ஸ் தேடுகிறது. ராத்திரி வலி வந்தால் என்ன கொடுப்பது, மூச்சு முட்டினால் என்ன செய்வது, படுக்கைப் புண்ணை எப்படிக் கழுவுவது என்பதெல்லாம் பெரும்பாலும் அந்தச் சீட்டில் இருப்பதில்லை.

கையில் பணமுள்ள வீடென்றால் கதை வேறு மாதிரி. “எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை டாக்டர், ஏதாவது பண்ணுங்க” என்பார்கள். அதே பெரியவர் ஐசியுவில், தொண்டையில் குழாயோடு, இரவா பகலா என்று தெரியாத வெளிச்சத்தில், தன் மனிதர்கள் ஒருவரும் பக்கத்தில் இல்லாமல் கிடப்பார். கைவிடுவதும் விடாமல் துன்புறுத்துவதும் ஒரே நினைப்பிலிருந்து வருகின்றன: நோயை விரட்டுவது மட்டும்தான் மருத்துவம் என்ற நினைப்பு.

லண்டனில் அந்த நினைப்பைப் பிடிவாதமாக எதிர்த்தவர் சிசிலி சாண்டர்ஸ். 1918இல் பிறந்த அவர் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் செவிலியர் பயிற்சி பெற்றார். முதுகுவலி அந்த வேலையில் நீடிக்க விடவில்லை; மருத்துவமனையில் சமூகப் பணியாளரானார். அங்கே அவர் பார்த்துக்கொண்ட நோயாளி டேவிட் தாஸ்மா, வார்சாவிலிருந்து வந்த யூதர். தீராத புற்று, பக்கத்தில் சொந்தம் என்று யாருமில்லை. சாகப் போகிறவர்களுக்கு ஓர் இல்லம் இருந்தால் அது எப்படி இருக்க வேண்டும் என்று இருவரும் பேசுவார்கள். 1948இல் இறந்தபோது தாஸ்மா 500 பவுண்டை சாண்டர்ஸுக்கு விட்டுப் போனார்; வரப்போகும் அந்த வீட்டில் தான் ஒரு சன்னலாக இருப்பதாகச் சொன்னார். அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு சாண்டர்ஸ் உடனே கட்டடம் கட்டக் கிளம்பவில்லை. சாகிறவர்களைக் கைவிடுபவர்கள் மருத்துவர்கள்தாம், அவர்களை மாற்ற வேண்டுமானால் நீயும் மருத்துவராகு என்று ஓர் அறுவை மருத்துவர் கூறியதைக் கேட்டு, முப்பது வயதைக் கடந்தபின் மருத்துவம் படிக்கப் போனார். 1957இல் மருத்துவரானார். தென் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ் என்ற அந்த இல்லம் திறந்தது 1967இல். தாஸ்மா இறந்து அப்போது 19 ஆண்டுகள் ஆகியிருந்தன.

சாண்டர்ஸ் கொண்டுவந்த மாற்றம் எளிதாகத் தோன்றும். அதுவரை நோயாளி வலியில் அலறிய பிறகே மார்ஃபின் ஊசி போடுவது வழக்கம். மருந்தின் வீரியம் தணிந்ததும் வலி திரும்பும். அடுத்த ஊசிக்காக நோயாளி கெஞ்ச வேண்டும். சாண்டர்ஸ் மார்ஃபினை வாய்வழியாக, நேரம் தவறாமல், வலி திரும்பும் முன்பே கொடுக்கச் சொன்னார். நோயாளிகள் போதைக்கு அடிமையாகிவிடவில்லை. எழுந்து உட்கார்ந்தார்கள், பேரப்பிள்ளைகளோடு பேசினார்கள். உடல் வலியோடு பயமும் கடன் கவலையும் தீராத மனத்தாங்கலும் சேர்ந்துதான் ஒருவரை வாட்டுகின்றன என்று அவர் சொன்னது, மாத்திரை எழுதுவதோடு வேலை முடிந்தது என்று நினைக்கும் எந்த மருத்துவருக்கும் இன்றும் பாடம்.

ஹாஸ்பிஸ் என்றால் சீக்கிரம் சாக விடுவது என்ற அச்சம் பலருக்கு. 2010இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்த ஆய்வு ஒன்று அதற்குப் பதில் தருகிறது. முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரில் ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதிக்கு அதோடு தொடக்கத்திலிருந்தே வலி, துயர் தணிப்புச் சிகிச்சையும். இரண்டாம் பிரிவினர் கடைசிக் கட்டத்தில் கடும் சிகிச்சைகளைக் குறைவாகவே பெற்றார்கள். ஆனாலும் அவர்கள் வாழ்ந்த காலத்தின் இடைநிலை அளவு 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9 மாதம். மனச்சோர்வும் குறைவு.

இந்தியாவின் நிலைமை வேதனை தருவது. மார்ஃபின் அபினியிலிருந்து கிடைப்பது. அபினியைச் சட்டப்படி பயிரிடும் சில நாடுகளுள் இந்தியாவும் ஒன்று; நீமச்சிலும் காசிப்பூரிலும் அரசு ஆலைகள் இருக்கின்றன; ஏற்றுமதியும் நடந்தது. ஆனால் 1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கடத்தல்காரரையும் மருந்துக் கடைக்காரரையும் ஒரே மாதிரி அச்சுறுத்தியது. ஏகப்பட்ட உரிமங்கள், தவறினால் கடும் சிறை. மருத்துவமனைகள் மார்ஃபினை வாங்குவதையே நிறுத்தின. நாட்டின் மார்ஃபின் பயன்பாடு சரிந்து 1997இல் 18 கிலோவுக்கு இறங்கியது. ஒரு தலைமுறை மருத்துவர்கள் இந்த மருந்தைக் கையால் தொடாமலே படித்து வெளியேறினார்கள். 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் மருத்துவர் மனத்தில் ஊறிய பயத்தைச் சட்டத் திருத்தம் மட்டும் போக்கிவிடாது.

அந்த வறண்ட ஆண்டுகளில்தான் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் மயக்கவியல் மருத்துவர் எம்.ஆர்.ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் நண்பர்களோடு சேர்ந்து 1993இல் வலி, துயர் தணிப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள். நோயாளி நம்மிடம் வரட்டும் என்று காத்திருப்பது பொருளற்றது என்று விரைவிலேயே புரிந்தது. படுத்துவிட்டவர் எப்படி வருவார்? தன்னார்வலர்கள் வீடுகளுக்குப் போனார்கள். சாதாரண மனிதர்கள். புண் கழுவவும், படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கொரு முறை புரட்டிப் போடவும், உலர்ந்த வாயைத் துடைத்து ஈரப்படுத்தவும் அவர்கள் கற்றுக்கொண்டு வீட்டாருக்கும் கற்றுக்கொடுத்தார்கள். அரிசி இல்லாத வீட்டுக்கு அரிசியும் போனது. 2008இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டது. உள்ளாட்சி மன்றங்கள் செவிலியர்களை வைத்து வீட்டுச் சேவை நடத்துகின்றன. பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு, தள்ளாமை என எல்லாத் துயரும் அவர்கள் கணக்கில் உண்டு.

முதியோருக்கு இது ஏன் முக்கியம்? வயதான உடலின் கணக்கு வேறு. மூன்று நிபுணர்கள் எழுதிய பத்து மாத்திரைகளில் ரத்த அழுத்த மாத்திரை ஒன்று தலைசுற்ற வைக்கும்; கழிவறையில் விழுவார், இடுப்பெலும்பு முறியும். மாத்திரையைச் சேர்ப்பதைவிடக் குறைப்பதற்குத்தான் இங்கே அதிகத் திறமை வேண்டும். மறதி நோய் முற்றியவர் சாப்பாட்டை மறுத்தால் மூக்கில் குழாய் போடச் சொல்வார்கள் பிள்ளைகள். “பட்டினி போட்டுச் சாகடிச்சுட்டாங்கன்னு ஊர் பேசுமே” என்பது அவர்கள் பயம். அந்தக் குழாய் ஆயுளைக் கூட்டுவதில்லை, நுரையீரலுக்குள் உணவு போவதையும் தடுப்பதில்லை என்பது மருத்துவம் அறிந்த உண்மை. குழைந்த சாதத்தை அவர் விரும்பும் அளவுக்கு, பொறுமையாகக் கையால் ஊட்டுவதே அந்த நிலையில் சரியான சிகிச்சை.

2021ஆம் ஆண்டுக்கான மக்கள்தொகைக் கணிப்பில் தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 13.6 விழுக்காடு; பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ்.நடராசன் 1978லேயே முதியோருக்கெனப் புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். 2024இல் கிண்டியில் தேசிய முதியோர் நல மையம் திறந்தது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் துயர் தணிப்புச் சேவையும் வீட்டு வாசலுக்கு வருகிறது. அடித்தளம் நன்றாகவே இருக்கிறது. வட்ட மருத்துவமனை ஒவ்வொன்றிலும் மார்ஃபின் மாத்திரை இருப்பு இருக்க வேண்டும். அதை எழுதத் தெரிந்த ஒரு மருத்துவரும் இருக்க வேண்டும். அரசிடம் நாம் கேட்க வேண்டியது இதைத்தான்.

குடும்பங்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. பயனில்லாத உயிர்காப்புக் கருவிகள் தனக்கு வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என 2018 மார்ச் 9இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் அந்த நடைமுறையை எளிதாக்கியது: இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி ஒருவரின் சான்று போதும். இதைக் கருணைக் கொலையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. வலி நீக்கும் மருந்தும் பராமரிப்பும் கடைசி மூச்சுவரை தொடரும். ஆகவே, “அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்” என்று அறைக்கு வெளியே கிசுகிசுப்பதை விட்டுவிட்டு, நினைவு தெளிவாக இருக்கும்போதே அவரிடம் உட்கார்ந்து கேளுங்கள்: எதற்கு அஞ்சுகிறார், எங்கே இருக்க விரும்புகிறார், எந்தச் சிகிச்சை வேண்டாம் என்கிறார். அவர் சொன்னதை எழுதி, சான்று பெற்று, ஒரு நகலைக் குடும்ப மருத்துவரிடம் கொடுத்து வையுங்கள்.