கறிவேப்பிலைச் சாடியும் டிங்கி கொசுவும்



அடுக்குமாடி வீடானாலும் நம்மில் பலர் வாசலில் ஒரு கறிவேப்பிலைச் செடி வைத்திருக்கிறோம். நல்ல வெயில், அடியில் ஓட்டையுள்ள சாடி, மணல் கலந்த மண் இருந்தால் போதும். நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை விட்டுப் புதராக வளரும். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்றுங்கள்.

சாடிக்கு அடியில் இருக்கும் தட்டைத்தான் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் இரத்தக்கசிவு டிங்கி காய்ச்சல் முதலில் கண்டறியப்பட்டது 1962இல், இதே பினாங்கில். அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தேங்கிய தெளிந்த நீரின் ஓரத்தில் முட்டையிடும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை தட்டுத் தண்ணீரைக் கொட்டி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். கொட்டினால் மட்டும் போதாது. ஒட்டியிருக்கும் முட்டை காய்ந்தாலும் பல மாதம் சாகாது. குனிய முடியாதவர்கள் பேரப்பிள்ளைகளிடம் சொல்லுங்கள். தட்டே இல்லாமல் வைப்பது இன்னும் நல்லது.

காய்ச்சல் வந்தால் கைவைத்தியத்தோடு இருந்துவிடாமல் கிளினிக்குக்குப் போங்கள். நீங்களாக ஆஸ்பிரின், இபுபுரோஃபென் வாங்கிச் சாப்பிடாதீர்கள். இருதயத்துக்கு ஏற்கனவே ஆஸ்பிரின் எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் ஆபத்து அதிகம். வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், மயக்கம் கண்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இன்று வீடு திரும்பியதும் முதலில் அந்தத் தட்டைப் பாருங்கள்.