பூட்டின கோப்பும் அழிச்ச கோப்பும்

(லண்டன் கலந்துரையாடல் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



இராசதந்திர ஆவணங்களும் சட்டமும் பற்றிப் பேசச் சொன்னார்கள். 'சட்டம்' எண்டவுடன சில பேர் தேத்தண்ணிப் பக்கம் எழும்புவினம். கொஞ்சம் பொறுங்கோ, இது எங்கட கதையும்தான்.

2018இல் ஒரு செய்தி வெளிவந்தது. இலங்கை பற்றிய 195 கோப்புகளை பிரித்தானிய வெளிவிவகார அமைச்சு அழித்திருந்தது. எல்லாம் 1978 முதல் 1980 வரையான காலத்தவை. அது என்ன காலம்? 1979 யூலையில் பயங்கரவாதத் தடைச்சட்டம் வந்தது. அதே மாதம் யாழ்ப்பாணத்தில் அவசரகாலநிலை. அந்த நேரம் லண்டன் கொழும்புக்கு என்ன ஆலோசனை சொன்னது? 1984இல் கே.எம்.எஸ். என்ற பிரித்தானியத் தனியார் இராணுவ நிறுவனம் விசேட அதிரடிப்படைக்குப் பயிற்சி குடுத்ததே, அதற்கு முன்கதை என்ன? பத்திரிகையாளர் பில் மில்லர் பல வருசமாகத் தோண்டி எடுத்ததால்தான் இவ்வளவாவது தெரியும்.

இதில் கசப்பான விசயம், கோப்பு அழிப்பதற்குச் சட்டமே இடம் குடுக்குது. 1958ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டப்படி, நிரந்தரமாக வைத்திருக்கத் தெரிவு செய்தவை மட்டும்தான் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போகும். மிச்சத்தை அழிக்கலாம். தெரிவு செய்யிறது ஆர்? காப்பகத்தின் வழிகாட்டலோட, அந்த அமைச்சேதான்.

அழியாமல் இருக்கிறதைக் கேட்டால்? தகவல் அறியும் சட்டம் 2005இலிருந்து நடைமுறையில் இருக்குது. அதில் இரண்டு பூட்டுகளைத் தெரிந்து வைத்திருங்கோ. 27ஆம் பிரிவு: வெளியிட்டால் வேறு நாட்டுடனான உறவு கெடும், அல்லது இன்னொரு அரசு நம்பிக்கையில் சொன்ன தகவல் என்று மறுக்கலாம். 20 வருசம் கடந்தாலும் இந்தக் காரணத்தைச் சொல்லலாம். ஆனால் மறைப்பதில் பொதுநலன் கூடவா, வெளியிடுவதிலா என்று தராசில் போட்டே ஆகவேணும். அங்கேதான் எங்களுக்கு வாதாட இடம். 23ஆம் பிரிவு உளவு நிறுவனங்களுக்கானது. அமைச்சின் கையில் இருக்கும் கோப்புக்கு அந்தத் தராசும் இல்லை. 'இருக்கு, இல்லை' என்று சொல்லவே மறுக்கலாம்.

எல்லா இரகசியமும் சதி என்று நான் சொல்ல வரேல்லை. காணாமல் போன மகனைப் பற்றித் தூதரகத்தில் சொன்ன ஒரு தாயின்ர பெயர் வெளியில் வரக்கூடாது. ஆனால் பெயரை மறைக்கலாம். அதற்காக முழுக் கோப்பையும் மறைக்கத் தேவையில்லை.

விடாமல் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்குக் கென்யா உதாரணம். மௌ மௌ கிளர்ச்சிக் காலத்தில் சித்திரவதைப்பட்ட முதியவர்கள் லண்டனில் வழக்குப் போட்டார்கள். அதனால்தான் ஹான்ஸ்லோப் பார்க்கில் ஆயிரக்கணக்கான காலனியக் கோப்புகளைப் பதுக்கி வைத்திருந்ததை 2011இல் அரசு ஒப்புக்கொண்டது. 2013இல் 5,228 பேருக்கு நட்டஈட்டுத் தீர்வு வந்தது. கோப்பு பூட்டிக் கிடந்ததால் திறக்க முடிந்தது. எங்கட 195 கோப்புகளுக்கு இனி எந்த நீதிமன்றமும் உத்தரவு போடேலாது.

அதனால், இருக்கிறதை இப்பவே கேட்பம். இந்தச் சட்டத்தைப் பாவிக்கப் பிரித்தானியக் குடியுரிமை தேவையில்லை. பாரிசிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ மின்னஞ்சலில் கேட்கலாம். சாதாரணமாக 20 வேலைநாளுக்குள் பதில் வரவேணும். மறுத்தால் முதலில் அமைச்சிடமே மீளாய்வு, பிறகு தகவல் ஆணையாளர், அதன் பிறகு தீர்ப்பாயம். முறைப்பாட்டுக்கும் மேன்முறையீட்டுக்கும் கட்டணம் இல்லை.

ஒரு எச்சரிக்கை. 'இலங்கை பற்றி எல்லாம் தாங்கோ' என்று கேட்டால், தேடும் செலவு 600 பவுண்சைத் தாண்டும் என்று திருப்பி அனுப்புவினம். எந்த மாதம், எந்த ஊர், எந்தச் சம்பவம் என்று குறுக்கிக் கேட்கவேணும். அந்தத் திகதிகள் எங்கட அம்மா அப்பாவின்ர ஞாபகத்தில் இருக்கு. இண்டைக்கு இரவு வீட்டுக்குப் போய் அவையளைக் கேட்டு எழுதி வையுங்கோ. அடுத்த கூட்டத்தில் அதை வைத்து முதல் விண்ணப்பத்தை எழுதுவம்.