குரோவ்லிக் காடும் அதன் ஊர்களும்

ஓர் உரிமை எங்கே வாழ்கிறது? சட்டம் பயின்றோரைக் கேட்டால் ஏட்டில் வாழ்கிறது என்பர். ஏட்டில் எழுதப்பட்டும் மடிந்துபோன உரிமைகள் உலகில் பல. எழுதியவர்கள் மறைந்து பல நூற்றாண்டுகள் கழிந்த பின்னும் உயிரோடு இருக்கும் உரிமைகள் மிகச் சில. அத்தகைய ஓர் உரிமையைக் காத்து நிற்கும் ஒரு காட்டையும், அதன் அடிவாரத்து ஊர்களையும் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

இங்கிலாந்தின் தென்பகுதியில் வில்ட்ஷயர் என்னும் மாவட்டம் உள்ளது. அங்கே சாலிஸ்பரி என்ற நகரம், 404 அடி உயரமுள்ள கூர்ங்கோபுரத்தையுடைய பேராலயத்தால் பெயர் பெற்றது. அந்நகருக்கு மேற்கே வைலி, நாடர் என்னும் இரண்டு சிற்றாறுகள் ஓடிவந்து, வில்ட்டன் என்னும் ஊரருகே ஒன்று கலக்கின்றன. இரண்டு ஆறுகளுக்கும் நடுவே சுண்ணக்கல் மேடு ஒன்று நீண்டு கிடக்கிறது. அதன் முதுகின் மேல் அடர்ந்திருப்பதே குரோவ்லிக் காடு. ஓக்கும் பீச்சும் ஹேசலும் அங்கே வளர்கின்றன. காட்டின் ஊடே பண்டைய ரோமானியர் அமைத்த நெடுஞ்சாலையின் தடம் செல்கிறது. மேட்டின் வடபுறம், வைலிக் கரையில் பெரிய விஷ்போர்டு என்னும் சிற்றூர். தென்புறம், நாடர்க் கரையில் பார்போர்டு என்னும் சிற்றூர். காடு நடுவே நிற்க, ஊர்கள் இருபுறமும் அமர்ந்திருக்கின்றன.

அக்காலத்துச் சிற்றூருக்குக் காடு என்பது கண்ணுக்கினிய காட்சி மட்டுமன்று. அதுவே அடுப்பு, அதுவே வேலி, அதுவே கூரை. ஹேசல் செடியைத் தரையோடு தரையாக வெட்டினால், அடிக்கட்டையிலிருந்து நேரான கழிகள் பல கிளைக்கும். சில ஆண்டுகள் கழித்து அவற்றை வெட்டினால் மீண்டும் தழைக்கும். இவ்வாறு முறைபோட்டு வெட்டிய கழிகளைப் பின்னிப் படல்கள் செய்தனர். அப்பகுதியின் உழவு ஆட்டுக்கிடையை நம்பியது. பகலில் புல்மேட்டில் மேய்ந்த ஆடுகளை இரவில் வயலில் படல்களுக்குள் அடைத்து நிலத்திற்கு உரமேற்றினர். படல் இல்லையேல் கிடை இல்லை. கிடை இல்லையேல் விளைவு இல்லை. அடுப்பெரிக்கவும், குளிர்காலத்தில் குழந்தைகள் விறைத்துப் போகாமல் இருக்கவும் விறகு வேண்டும். நிலமில்லாத கூலியாளுக்கு அந்த விறகு காட்டிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

ஆனால் காடு ஊராருக்குச் சொந்தமானதன்று. 1086-ஆம் ஆண்டில் தொகுக்கப்பெற்ற டூம்ஸ்டே பதிவேட்டிலேயே குரோவ்லி அரசனுடைய வேட்டைக் காடாகக் குறிக்கப்பட்டுள்ளது. அரசனின் மான்களுக்கு இருந்த பாதுகாப்பு அங்கே வாழ்ந்த மக்களுக்கு இல்லாதிருந்த காலம் அது. 1217-இல் மூன்றாம் ஹென்றியின் பெயரால் வெளிவந்த வனச் சாசனம் அக்கொடுமையைத் தளர்த்தி, காட்டோரத்து மக்களின் வழக்கங்கள் சிலவற்றை ஏற்றுக்கொண்டது. பிற்காலத்தில் குரோவ்லி, வில்ட்டனில் மாளிகை அமைத்து வாழ்ந்த பெம்புரோக் பிரபுக்களின் கைக்கு வந்தது. உடைமையாளர் மாறினர், ஊராரின் வழக்கம் மாறவில்லை.

அவ்வழக்கத்தை 1603-ஆம் ஆண்டில் எழுத்தில் பதிவு செய்தனர். முதலாம் எலிசபெத் மறைந்து முதலாம் ஜேம்ஸ் அரியணை ஏறிய ஆண்டு அது. அந்த ஆவணம் புதிதாக எதையும் வழங்கவில்லை. நினைவுக்கு எட்டாத காலமுதல் இருந்துவரும் வழக்கம் இன்னது என்று எடுத்துரைக்கிறது. காய்ந்து விழுந்த விறகை ஊரார் பொறுக்கிக்கொள்ளலாம். பச்சைக் கிளைகளை ஆண்டில் அதற்குரிய காலத்தில் வெட்டிக்கொள்ளலாம். விறகை ஆள்பலத்தால் இழுத்தோ சுமந்தோ வீடு சேர்க்க வேண்டும். ஒரு மனிதன் தன் உடல் வலிமையால் கொண்டுபோகக் கூடியது ஒரு குடும்பத்தின் தேவைக்குப் போதும். வணிகனின் பேராசைக்குப் போதாது. உரிமைக்குள்ளேயே அளவும் அமைந்திருப்பதைக் கவனியுங்கள்.

அதே ஆவணத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. ஊரார் ஆண்டுதோறும் சாலிஸ்பரிப் பேராலயத்திற்கு ஆடிக்கொண்டே சென்று, “குரோவ்லி! குரோவ்லி! குரோவ்லி முழுதும்!” என்று முழங்கித் தம் உரிமையைக் கோர வேண்டும். விஷ்போர்டிலிருந்து பேராலயம் ஏறத்தாழ ஆறு மைல். எழுதப் படிக்கத் தெரியாத மக்கள் தம் பத்திரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை. நாலுபேர் அறிய உரக்கச் சொல்லி, ஊர் முழுவதையும் சாட்சியாக்கினர். பாட்டனிடம் கேட்டதைப் பேரன் சொன்னான். முழக்கமே அவர்களுடைய பத்திரப் பதிவு அலுவலகம் என்று சொன்னால் மிகையாகாது.

முதலில் இவ்விழா பெந்தகொஸ்தே திருநாளை ஒட்டிய செவ்வாய்க்கிழமை நடந்தது. பின்னர் மே 29-ஆம் நாளுக்கு மாறியது. 1651-இல் வூஸ்டர்ப் போரில் தோற்ற இரண்டாம் சார்லஸ் ஓர் ஓக் மரத்தில் ஒளிந்து உயிர் தப்பினார். 1660 மே 29-இல், தம் பிறந்தநாளன்றே, அரசராக லண்டன் திரும்பினார். நாடாளுமன்றம் அந்நாளை விடுமுறையாக்கியது. மக்கள் ஓக் இலைகளை அணிந்து கொண்டாடினர். ‘ஓக் ஆப்பிள் நாள்’ என்ற பெயரும் வழங்கலாயிற்று. ஓக் ஆப்பிள் என்பது கனியன்று. ஒருவகைச் சிறு குளவி ஓக் மரத்தின் மொட்டில் முட்டையிட, அவ்விடம் வீங்கித் திரண்டு ஆப்பிள்போல் தோன்றுகிறது. நம் நாட்டு மருந்துக் கடைகளில் விற்கும் மாசிக்காய், ஓக் இனத்து வேறொரு மரத்தில் வேறொரு குளவியால் உண்டாகும் அதன் உறவுக்காய். 1859-இல் அரசு விடுமுறை நீக்கப்பட்டது. நாட்டின் பெரும்பகுதி அந்நாளை மறந்தது, விஷ்போர்டு மறக்கவில்லை. அவ்வூருக்கு அந்நாளில் மன்னர் நினைவைவிட விறகின் நினைவு பெரிது.

இவ்வுரிமைக்குச் சோதனை வந்தது பொதுநிலங்கள் வேலியிடப்பட்ட காலத்தில். 1604 முதல் 1914 வரை இங்கிலாந்தில் 5,200-க்கு மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்கள் நிறைவேறின. 68 லட்சம் ஏக்கர் நிலம் அவற்றின்கீழ் வந்தது. புதிய முறை உழவு செழித்தது உண்மையே. ஆயினும் ஒரு பசுவை மேய்த்தும், ஒரு கட்டு விறகு பொறுக்கியும் பிழைத்த ஏழைக்கு அவ்வழி பல இடங்களில் அடைபட்டது. அன்றைய ஏழ்மைக்குச் சான்று விஷ்போர்டிலேயே இருக்கிறது. ரொட்டியின் விலையைக் கல்லில் பொறித்து மாதாகோயில் வளாகச் சுவரில் பதித்திருக்கிறார்கள். 1800-ஆம் ஆண்டுக் கல் காட்டும் விலை ‘காலன்’ ரொட்டி ஒன்றுக்கு 3 ஷில்லிங் 4 பென்ஸ். அந்த ரொட்டியின் எடை ஏறத்தாழ நான்கு கிலோ. அம்மாவட்டத்து உழவுக் கூலியாளின் வாரக் கூலியோ பத்து ஷில்லிங்கைக்கூட எட்டாதது. வாரக் கூலியில் மூன்று ரொட்டி வாங்க இயலாதவன் விறகுக்கும் விலை கொடுப்பது எங்ஙனம்?

இந்நிலையில், குரோவ்லியில் விறகு பொறுக்கலாகாது என்று தடை எழுந்தது. 1825-இல் பார்போர்டைச் சேர்ந்த கிரேஸ் ரீட் என்னும் பெண், வேறு சில பெண்களுடன் காட்டுக்குச் சென்று, வழக்கம்போல விறகு பொறுக்கினாள். அவர்கள் பிடிபட்டனர், அபராதம் விதிக்கப்பட்டது. கட்ட மறுத்தனர், சிறை சென்றனர். அபராதம் கட்டியிருந்தால் வீடு திரும்பியிருக்கலாம். ஆனால் கட்டிய அபராதம் குற்றத்தின் ஒப்புதலாகி, மூதாதையர் உரிமை அன்றே முடிந்திருக்கும். வழக்கம் ஆராயப்பட்டது, உரிமை இன்னும் நிலைத்திருக்கிறது என்று தெரிந்து அவர்களை விடுதலை செய்தனர். படைத் தலைவர்களின் பெயர்கள் நிறைந்த வரலாற்றில், தலையில் சுள்ளிக்கட்டுடன் நின்ற அப்பெண்ணுக்கும் ஓர் இடம் உண்டு.

1892-இல் விஷ்போர்டு மக்கள் ‘ஓக் ஆப்பிள் மன்றம்’ ஒன்றை நிறுவி, ‘ஒற்றுமையே வலிமை’ என்பதைக் குறிக்கோளாகக் கொண்டனர். இன்றும் மே 29 அன்று பொழுது புலருமுன் இளைஞர்கள் தகரங்களைத் தட்டி, கூவி, ஊரை எழுப்புகின்றனர். எல்லோரும் காட்டுக்குச் சென்று ஓக் கிளைகளை வெட்டிவருகின்றனர். வெட்டும் கிளை ஓர் ஆளின் முன்கையைவிடப் பருத்திருத்தல் ஆகாது. வீட்டு வாயில்கள் தழையால் பொலிகின்றன. ஒரு கிளை ஆலயக் கோபுரத்தின்மேல் ஏறுகிறது. பிறகு சாலிஸ்பரியில், பழங்கால உடையணிந்த பெண்கள் நால்வர் சுள்ளிக்கட்டுகளோடு பேராலயத்தின் முன் ஆடுகின்றனர். ஊரார் உள்ளே சென்று, பீடத்தின் முன் ஒரே குரலில், “குரோவ்லி! குரோவ்லி! குரோவ்லி முழுதும்!” என்று முழங்குகின்றனர்.

இன்று அவ்வூர் வீடுகளில் எரிவாயுவும் மின்சாரமும் வந்துவிட்டனவே, இந்த ஆரவாரம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் தேவை குறைந்த காலத்தில் கைவிட்ட உரிமை, தேவை பெருகும் காலத்தில் அழைத்தால் திரும்பி வருவதில்லை. ஓராண்டு சொல்லாமல் விட்டால் மறு ஆண்டு சொல்வது கடினம். ஒரு தலைமுறை விட்டால் சொல்வதற்கு ஆளே இராது.

இரண்டாவது ஒரு கருத்தும் உண்டு. காட்டுக்குள் மனிதன் நுழைந்தால் காடு அழியும் என்று பலர் எண்ணுகின்றனர். இங்கிலாந்துக் காடுகளின் வரலாற்றை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த ஆலிவர் ராக்கம் என்னும் அறிஞர் வேறுவிதமாகக் கண்டார். முறைபோட்டு வெட்டிப் பயன்படுத்தப்பட்ட காடுகள் நூற்றாண்டுக் கணக்கில் நிலைத்தன. வயலாக்கவோ, வேறுவகை மரம் நடவோ வேரோடு அகற்றப்பட்டவையே மறைந்தன என்பது அவர் காட்டிய உண்மை. முன்கைப் பருமன் என்பது ஓர் அளவு. ஆள் சுமக்கும் கட்டு என்பது ஓர் அளவு. இந்த அளவுகள் ஏழையின் அடுப்பையும் காத்தன. காட்டின் வேரையும் காத்தன.

மாணவ நண்பர்களே! உங்கள் பாடநூல்கள் சட்டங்களின் பெயர்களையும் ஆண்டுகளையும் கூறும். அவற்றைக் கற்றுக்கொள்ளுங்கள். அவற்றோடு, ஒரு சட்டம் யாருடைய அடுப்பில் நெருப்பை எரியவிட்டது, யாருடைய அடுப்பில் அணைத்தது என்பதையும் கேளுங்கள். குரோவ்லி மேட்டின் இருபுறத்து ஊர்களும் பெரிய செல்வமோ படையோ உடையவை அல்ல. அவர்களுக்கு இருந்தவை நினைவு, ஒற்றுமை, அளவு என்னும் மூன்றே. அம்மூன்றையும் விடாதிருந்தமையால், 1603-இல் எழுதிய சொல் இன்றும் மே மாதத்து விடியற்காலையில் உரத்து ஒலிக்கிறது.