போகிறவர் கையில் காகிதம் இருக்கட்டும்

(தோட்டக் கிளையின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இந்த மேடையில் நாம் வழக்கமாகப் பேசுவது சம்பளத்தைப் பற்றி, பால் விலையைப் பற்றி, லயத்துக் கூரையைப் பற்றி. இன்று வேறொரு விஷயம் பேச வேண்டியிருக்கிறது. சில மாதங்களாகச் சங்க அலுவலகத்திற்கு வரும் பெற்றோர் பலரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "பையன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறேன் என்கிறான். அனுப்பலாமா?" முதியவர்கள் சிலரோ, "சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும் ஊரோடு போய்விடலாமா?" என்று கேட்கிறார்கள்.

போகாதீர்கள் என்று சொல்ல நமக்கு வாயில்லை. நாமே கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகள். பிழைக்க வழி தேடி ஒரு மனிதன் எல்லை தாண்டுவது குற்றமல்ல. ஆனால் எதை நம்பிப் போகிறோம், கையில் எதை வைத்துக்கொண்டு போகிறோம் என்பதை யோசிக்காமல் போவது பெருந்தவறு. அந்தத் தவற்றுக்கு நம் இனம் இரண்டு தடவை விலை கொடுத்திருக்கிறது.

முதல் தடவை நம் பாட்டன்மார் வந்தபோது. மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிக்கப்பட்டது. அதற்குப் பிறகு கங்காணி முறையே ஓங்கியது. கங்காணி அந்நியர் அல்லர். சொந்த ஊர்க்காரர், சில வேளை சொந்தக்காரர். அவர் சொன்ன வார்த்தையை நம்பி நாகப்பட்டினத்தில் கப்பலேறினார்கள். பினாங்குக்கு வந்தவர்களை ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாமில் வைத்தார்கள். பிறகு தோட்டம். கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. வந்தவனுக்குக் கடன் கிடைத்தது. கணக்கு கங்காணியின் நோட்டில் இருந்தது. கைநாட்டு மட்டும் நம்முடையதாக இருந்தது. 1938இல் இந்திய அரசாங்கம் இவ்வகையில் ஆள் அனுப்புவதை நிறுத்தும்வரை இதுவே நடந்தது.

இரண்டாம் தடவை நம்மவர்கள் இங்கிருந்து போனபோது. 1957இல் நாடு சுதந்திரம் பெற்றது. முதல் ஓராண்டுக்குள் குடியுரிமைக்கு மனுச் செய்தவர்களில் பலருக்கு மலாய்மொழிச் சோதனைகூடத் தளர்த்தப்பட்டிருந்தது. ஆயினும் நம்மில் எத்தனையோ பேர் மனுச் செய்யவில்லை. பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள் பலர். எழுதிக் கொடுக்க ஆள் இல்லாதவர்கள் பலர். "எப்படியும் ஊருக்குத்தானே போகப் போகிறோம், நீலக் கார்டு எதற்கு?" என்று இருந்துவிட்டவர்களும் பலர். 1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1969 முதல் குடிமக்கள் அல்லாதவர் வேலை செய்யப் பெர்மிட் கேட்டார்கள். அதுவரை இருபது முப்பது ஆண்டுகள் அதே மரத்தில் பால் வெட்டியவன், ஒரே நாளில் அந்நியத் தொழிலாளி ஆனான். சிவப்புக் கார்டு வைத்திருந்த பல்லாயிரம் பேர் மூட்டை கட்டினார்கள்.

அவர்களில் ஒருவர் நம் தோட்டத்துக்காரர். மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். மனைவியோடு கப்பலேறினார். இங்கே பிறந்த மகளைக் கட்டிக்கொடுத்திருந்தபடியால் அவள் இங்கேயே நின்றுவிட்டாள். ஊரில் அவரை 'மலாயாக்காரர்' என்று அழைத்தார்களாம். கொண்டுபோன பணம் இருந்தவரை உறவு இருந்தது. பிறகு மகளுக்கு வந்த கடிதங்களில் ஒரே வரிதான் திரும்பத் திரும்ப இருந்தது: "பேரப்பிள்ளையின் படம் ஒன்று அனுப்பு." அந்தக் கடிதங்களை வாசித்துக் காட்டியவர் அன்றைய கிராணி. ஒரு காகிதம் இல்லாத குறையால் ஒரு குடும்பத்துக்கு நடுவே கடல் வந்து நின்றது, தோழர்களே!

இப்போது மூன்றாம் தடவை வந்திருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, கித்தா மரம் வெட்டிச் செம்பனை நட்டார்கள், செம்பனையும் போய் வீடமைப்பு வந்தது. பிள்ளைகள் ஜொகூர் பாலத்தைக் கடக்கிறார்கள். ஒரு சிங்கப்பூர் வெள்ளி ஏறத்தாழ மூன்று ரிங்கிட்டுக்குச் சமம் என்றால் எந்தப் பிள்ளைக்குத்தான் ஆசை வராது? ஆனால் அந்தக் கணக்கில் பாதிதான் பிள்ளைகளின் கண்ணுக்குத் தெரிகிறது. மறுபாதியை நாம் சொல்ல வேண்டும்.

இங்கே முதலாளி நம் பேரில் சேமநிதி கட்டுகிறார். அந்த நிதி 1951இல் ஏற்பட்டது. சொக்சோவும் கட்டுகிறார். பாலத்தைத் தாண்டினால் இரண்டும் நின்றுவிடும். சிங்கப்பூரின் மத்திய சேமநிதி அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது. வேலை பெர்மிட்டில் போகும் நம் பிள்ளைக்கு அது கிடையாது. பத்தாண்டு உழைத்துத் திரும்பினாலும், தானாகச் சேமித்தால் ஒழிய, முதுமைக்கென்று ஒரு காசு இராது. ஆகவே போகிற பிள்ளை மாதந்தோறும் ஒரு தொகையைத் தானே முன்வந்து நம் நாட்டுச் சேமநிதியில் கட்ட வேண்டும். அதற்கு வழி இருக்கிறது.

அடுத்தது ஏஜெண்டு. பழைய கங்காணி தலைப்பாகை கட்டியிருந்தார். இன்றைய கங்காணி கைத்தொலைபேசி வைத்திருக்கிறார். அவ்வளவுதான் வித்தியாசம். நல்ல ஏஜெண்டும் உண்டு. ஆனால் சிங்கப்பூர்ச் சட்டப்படி அங்குள்ள ஏஜெண்டு தொழிலாளியிடம் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு எல்லை உண்டு. ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாதச் சம்பளம். எத்தனை ஆண்டானாலும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் கூடாது. இது தெரியாமல் நகையை அடகு வைத்துக் கொடுத்த தாய்மார்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள்.

பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை ஒருவன். இருபத்திரண்டு வயது. கடையில் வேலை என்று சொல்லி அழைத்துப் போனார்கள்; கிடைத்தது கிடங்கில் சாமான் தூக்கும் வேலை. ஆறாம் மாதம் கையில் பளு விழுந்தது. "வீட்டுக்குப் போய் ஆற்றிக்கொண்டு வா" என்றார்கள். வந்தான். கை ஆறுவதற்குள் வேலை போய்விட்டது. ஒன்றரை ஆண்டு கழித்து நம்மிடம் வந்தான். பெர்மிட்டின் நகல் இருக்கிறதா என்று கேட்டோம். இல்லை. சம்பளச் சீட்டு? இல்லை. கம்பெனியின் முழுப் பெயர்? அதுவும் சரியாகத் தெரியவில்லை. உடலுழைப்புத் தொழிலாளிக்கு அங்கே முதலாளி விபத்துக் காப்புறுதி எடுத்தே ஆக வேண்டும். வெளிநாட்டவருக்கும் அந்த உரிமை உண்டு. ஆனால் விபத்து நடந்து ஓராண்டுக்குள் கேட்க வேண்டும். உரிமை இருந்தது, காகிதம் இல்லை, காலமும் போய்விட்டது. அந்தப் பிள்ளைக்கு நம்மால் தேநீர் மட்டுமே வாங்கிக் கொடுக்க முடிந்தது. அந்த வெட்கத்தில்தான் இன்று இதைப் பேசுகிறோம்.

ஆகவே, போகிறவர்களுக்குச் சொல்கிறோம். வேலைக்கான அனுமதிக் கடிதத்தில் உங்கள் சம்பளம் எழுதப்பட்டிருக்கும். அதைப் படித்துப் பாருங்கள். ஏஜெண்டு வாயால் சொன்ன தொகையும் அதுவும் ஒன்றா என்று பாருங்கள். மாதச் சம்பளம், மாதம் முடிந்து ஏழு நாளைக்குள் கைக்கு வர வேண்டும். பிடித்தம் எல்லாம் பிரித்துக் காட்டிய சம்பளச் சீட்டுக் கேளுங்கள். 2016 முதல் அங்கே அது கட்டாயம். பாஸ்போர்ட்டை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். எல்லாவற்றிலும் ஒரு நகல் வீட்டில் தாய் தகப்பனிடம் இருக்கட்டும்.

இனி, ஊருக்குப் போக விரும்பும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. தாத்தா பிறந்த மண்ணைப் பார்க்க ஆசைப்படுவதை யார் குறை சொல்வார்? போய்ப் பார்த்து வாருங்கள். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்து வாருங்கள். ஆனால் நிரந்தரமாகக் குடியேறப் போகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். நம் நாடும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை, இந்தியாவும் ஏற்பதில்லை. இந்திய வம்சாவளியினருக்கு அந்நாடு கொடுக்கும் ஓ.சி.ஐ. கார்டு உண்டு. அது இருந்தால் அங்கே தங்கலாம், வேலை செய்யலாம். ஓட்டுப் போட முடியாது; விவசாய நிலம் விலைக்கு வாங்கவும் முடியாது. "ஒரு காணி நிலம் வாங்கிப் போடுகிறேன்" என்று உறவுக்காரருக்குப் பணம் அனுப்பினால், நிலம் அவர் பேரில்தான் இருக்கும். பிறகு வாய்க்கால் தகராறுக்குக்கூட உங்களுக்கு வழக்காட இடமிராது. இங்கேயோ அரசாங்க மருத்துவ நிலையத்தில் நம் குடிமகனுக்கு ஒரு வெள்ளிக்கு வைத்தியம் நடக்கிறது. அங்கே போனபின் நோய் வந்தால் யார் பார்ப்பது? சேமநிதியை ஒரே தடவையில் எடுத்துக்கொண்டு போகும் முன் இதை எல்லாம் எண்ணிப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. நம் பிள்ளைகள் வெளிநாடு போகிற அதே நேரத்தில், இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் தொழிலாளர்கள் நம் தோட்டங்களுக்கு வருகிறார்கள். நம் பழைய லயத்தில்தான் படுக்கிறார்கள். அவர்களாலேதான் சம்பளம் உயரவில்லை என்று சிலர் கோபப்படுகிறார்கள். தோழர்களே, சம்பளத்தைக் குறைப்பவன் வந்தவன் அல்லன். அவனைக் குறைந்த கூலிக்கு வைப்பவன். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனபோது அது அவர்களுக்கும் சேர்த்தே ஆயிற்று. அவ்வாண்டு அக்டோபர் முதல் அவர்களுக்கும் சேமநிதி கட்டாயமாயிற்று. இவை அவர்களுக்குச் சரியாகக் கிடைக்கிறதா என்று பார்ப்பது நம் வேலை. அவன் கூலி தாழ்ந்தால் நம் கூலியும் தாழும். சிங்கப்பூரில் நம் பிள்ளைக்கு நியாயம் கேட்கிற வாய், இங்கே பிறர் பிள்ளைக்கு மூடியிருக்கலாமா?

கிராணிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்நாளில் கடிதம் வாசித்துக் காட்டியவர்கள் நீங்கள். இனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்க அலுவலகத்தில் வந்து உட்காருங்கள். வெளியே போகிற பிள்ளைகளின் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்துச் சொல்லுங்கள். பெற்றோர்களே, பிள்ளையைப் பஸ் ஏற்றும் முன் அந்தக் காகிதத்தோடு இங்கே அழைத்து வாருங்கள்.

நம் பாட்டன் கைநாட்டு வைத்தான். நம் தகப்பன் கார்டு எடுக்க மறந்தான். நம் பிள்ளையாவது படித்துப் பார்த்துக் கையெழுத்திடட்டும். அடுத்த மாதம் முதல் ஞாயிறு, காலை பத்து மணிக்கு இதே இடத்தில் தொடங்குவோம்.