அசையாமல் உட்காரப் போகிறவர்களுக்கு ஒரு பூட்ஸ்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியாகிறது.)



மயிலாப்பூரில் உட்கார்ந்துகொண்டு பனி பூட்ஸைப் பற்றிப் பேசுவதா என்று செயலாளர் கேட்டபோது எனக்கே சிரிப்பு வந்தது. நம் ஊர் மார்கழியில் மாட வீதி பஜனைக்குப் போகிறவர்கள் தலையில் மஃப்ளரைச் சுற்றிக்கொள்வார்கள். காலில் செருப்புகூட இருக்காது. ஆனால் வருகிற பிப்ரவரியில் நம் குடியிருப்பிலிருந்து ஆறு பேர் பனிச்சிறுத்தை பார்க்க ஸ்பிதிக்குக் கிளம்புகிறார்கள். இன்னும் நாலைந்து வீடுகளில் டொராண்டோவுக்கும் நியூஜெர்சிக்கும் டிக்கெட் போட்டாகிவிட்டது. போன வருடம் ஸ்பிதிக்குப் போய், தப்பான பூட்ஸோடு உட்கார்ந்து, பயந்து திரும்பி வந்தவள் நான். அதனால் பேச ஒத்துக்கொண்டேன்.

முதலில் ஒரு விஷயம். இந்த மாதிரி கனமான பூட்ஸ்களை வெளிநாட்டில் பெரும்பாலும் வேட்டைக்காரர்களுக்காகவே செய்கிறார்கள். மான் வரும் என்று மரத்தின் மேல் பரண் கட்டி, பனியில் நாள் முழுக்க அசையாமல் உட்காருகிறவர்கள் அவர்கள். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்றால் கேமராவால்தான். ஆனால் கால்களுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. 2024-இல் வெளியான முதல் தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியா முழுக்க இருக்கும் பனிச்சிறுத்தைகள் 718. அவ்வளவு பெரிய மலைகளில் அவ்வளவுதான் என்றால், பார்க்கப் போகிறவருக்கு உட்கார்ந்திருப்பதுதான் வேலை. கிப்பர் கிராமம் சுமார் 4,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே பிப்ரவரியில் பாறை மேல் நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும்.

நான் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவள். அதனால் இதைக் கொஞ்சம் பாடமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு சுமார் 100 வாட் வெப்பம் தருகிறது, பழைய குண்டு பல்ப் அளவு. மேடேறி நடந்தால் அதுவே நாலைந்து மடங்கு ஆகும். ஆகவே நடக்கும்போது கதகதப்பாக இருந்த அதே பூட்ஸ், உட்கார்ந்த அரை மணியில் சில்லிட்டுவிடும். உடம்பு வேறு சிக்கனம் பார்க்கும். குளிர் ஏறியதும் இதயம், மூளை, வயிறு இவற்றைக் காப்பாற்றக் கை கால்களுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். ஆற்றில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை வயல்தானே? நம் உடம்பின் கடைமடை கால்விரல்.

இனி எங்கள் கதை. முதல் வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறாரே, என் கணவர், அவருக்குப் பதினெட்டு வருடமாகச் சர்க்கரை. டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் போனோம். உயரத்தைப் பற்றிக் கேட்டோம், மருந்தைப் பற்றிக் கேட்டோம், பூட்ஸைப் பற்றிக் கேட்கவில்லை. ஒரு கடையில் நல்ல விலை கொடுத்து வாங்கினோம். "மைனஸ் 30" என்று பெட்டியிலேயே போட்டிருந்தது. கால் ஆடாமல் கச்சிதமாக இருந்தால் குளிர் உள்ளே புகாது என்று நினைத்து, அவருடைய வழக்கமான சைஸையே எடுத்தோம். போதாக்குறைக்குப் பருத்தி சாக்ஸ் ஒன்று, அதன் மேல் கம்பளி சாக்ஸ் ஒன்று.

மூன்றாம் நாள் காலை, சாலையிலிருந்து முக்கால் மணி நேரம் மேடேறி நடந்தோம். எட்டு மணிக்கு உட்கார்ந்தோம். பதினோரு மணி வாக்கில், எங்களோடு வந்த உள்ளூர்ப் பையன் தொலைநோக்கியை விட்டுவிட்டு இவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். மற்ற எல்லோரும் காலைத் தட்டிக்கொண்டும் ஆட்டிக்கொண்டும் இருக்கிறோம். இவர் மட்டும் சிலை மாதிரி உட்கார்ந்திருக்கிறார். "அங்கிள், கால் வலிக்கலையா?" என்று இந்தியில் கேட்டான். "இல்லையே, நன்றாகத்தான் இருக்கிறது" என்றார் இவர். "அப்போ பூட்ஸைக் கழற்றுங்க" என்றான்.

கழற்றினோம். இடது காலில் மூன்று விரல்கள் மெழுகுவர்த்தி நிறத்தில் இருந்தன. அமுக்கினால் மெத்தென்று இருந்தது, அது ஒன்றுதான் நல்ல சேதி. அந்தப் பையன் ஒரு வார்த்தை பேசவில்லை. தன் ஜாக்கெட்டையும் சட்டையையும் தூக்கி, இவருடைய வெறுங்காலை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்து மூடிக்கொண்டான். இவர் பதறிப்போய்க் காலை இழுத்தார். நம் வீடுகளில் தெரியாமல் கால் பட்டாலே கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள் நாம். அவன் விடவில்லை. இருபது நிமிடம் அப்படியே இருந்தான். விரல்கள் சிவந்த பிறகுதான் விட்டான். அன்று மத்தியானமே இறங்கி வந்து காட்டினோம். ஒரு நகம் விழுந்தது, ஒரு மாதம் தோல் உரிந்தது, அதோடு போயிற்று. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் எதோடு போயிருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதில்லை.

சென்னை வந்ததும் டாக்டர் ஒரு நைலான் இழையால் பாதத்தில் பல இடங்களில் தொட்டுப் பார்த்தார். சில இடங்களில் தொட்டதே இவருக்குத் தெரியவில்லை. சர்க்கரை அந்த நரம்புகளை எப்போதோ மந்தமாக்கியிருக்கிறது. நம் ஊரில் அது தெரிய வரவே இல்லை.

நாங்கள் செய்த தப்புகளை எண்ணிப் பார்த்தால், எந்த பூட்ஸ் வாங்க வேண்டும் என்பது தானாகவே வரும்.

முதல் தப்பு, இறுக்கம். குளிரைத் தடுப்பது ரப்பரோ தோலோ அல்ல, உள்ளே அசையாமல் நிற்கும் காற்று. கம்பளி, ஃபெல்ட், பஞ்சு எல்லாமே காற்றைப் பிடித்துவைக்கும் சாதனங்கள்தான். இறுக்கமான பூட்ஸுக்குள் இரண்டு சாக்ஸைத் திணித்தால் அந்தக் காற்று பிதுங்கி வெளியே போய்விடும். வருகிற கொஞ்ச ரத்தமும் நசுங்கும். 1911-இல் தென்துருவத்தைத் தொட்ட அமுண்ட்சனின் குழுவினர், அதற்கு முந்தைய பனிக்காலத்தில் குடிசைக்குள் உட்கார்ந்து, பூட்ஸைத் திரும்பத் திரும்பப் பிரித்து உள்ளே இடம் கூட்டித் தைத்தார்கள். உள்ளே உலர்ந்த புல்லையும் வைத்துக்கொண்டார்கள். கடையில் நாம் கேட்க வேண்டியதும் அந்த இடத்தைத்தான்.

இதில் நமக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தார் 2021-22-இல் நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்தார்கள். வெளிநாட்டு சைஸ்களுக்கு நம் பாதம் பொருந்தவில்லை, அகலம் அதிகம் என்று கண்டு, 'பா' என்ற பெயரில் நமக்கென்றே ஓர் அளவுமுறையை முன்வைத்தார்கள். ஆகவே இறக்குமதி பூட்ஸில் நீளம் சரியாக இருந்தாலும் விரல் பக்கம் நெருக்கும். அகலமான வகையைக் கேளுங்கள், இல்லாவிட்டால் ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள். பாதம் வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், அங்கே போட்டுக்கொள்ளப்போகும் அதே தடித்த சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். காலை முன்னால் தள்ளி நின்றால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். பத்து விரல்களையும் உள்ளே பியானோ வாசிப்பதுபோல ஆட்ட முடிய வேண்டும்.

இரண்டாவது தப்பு, வியர்வை. தண்ணீர் காற்றைவிட சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். பருத்தி சாக்ஸ் வியர்வையைக் குடித்துவிட்டு அப்படியே வைத்துக்கொள்ளும். 1950-இல் கொரியப் போரின் பனிக்காலத்தில் அமெரிக்கச் சிப்பாய்களுக்கு அடிப்பாகம் ரப்பரும் மேல்பாகம் தோலுமாக ஒரு பூட்ஸ் கொடுத்திருந்தார்கள். மலையேறும்போது கால் வியர்த்தது; பள்ளத்தில் காவலுக்கு உட்கார்ந்ததும் அந்த வியர்வையே உள்ளே உறைந்தது. பலருக்கு விரல் போயிற்று. நாங்கள் முக்கால் மணி நேரம் நடந்து போய் உட்கார்ந்ததும் அதே கதைதான்.

இதற்கு வேட்டைக்காரர்கள் கண்டுபிடித்த வழி எளிமையானது. உட்காரும் பூட்ஸைப் போட்டுக்கொண்டு நடக்காதீர்கள். சாதாரண நடைக் காலணியோடு மேடேறுங்கள். உட்கார வேண்டிய இடம் வந்ததும் காலைத் துடைத்து, ஜாக்கெட்டுக்குள் கதகதப்பாக வைத்திருந்த உலர்ந்த கம்பளி சாக்ஸை மாற்றி, அப்புறம் பெரிய பூட்ஸைப் போடுங்கள். பை கனக்கும்தான். கனக்கட்டும்.

வாங்கும்போது, உள்ளே இருக்கும் ஃபெல்ட் உறை தனியாகக் கழன்று வருகிறதா என்று பாருங்கள். கழன்றால் ராத்திரி உலர்த்தலாம். ஒட்டித் தைத்திருந்தால் மறுநாளும் ஈரத்தோடுதான் கிளம்ப வேண்டும். அடியில் ரப்பர், மேலே தோல் என்ற அமைப்பைப் பிரபலமாக்கியவர் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து வேட்டைக்காரர் எல். எல். பீன். 1912-இல் அவர் விற்ற முதல் 100 ஜோடியில் 90 ஜோடி தையல் விட்டுத் திரும்பி வந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி செய்தார். நீங்களும் ரப்பரும் தோலும் சேரும் அந்தத் தையலை விரலால் தடவிப் பார்த்து வாங்குங்கள்.

மூன்றாவது தப்பு, பெட்டியில் போட்டிருந்த எண்ணை நம்பியது. "மைனஸ் 30" என்பதைக் கம்பெனிகள் ஆளுக்கொரு விதமாகக் கணக்கிடுகின்றன. பெரும்பாலும் அது நடக்கிறவருக்கான கணக்கு. அதைவிட, 200 கிராம், 400 கிராம், 1,000 கிராம் என்று போட்டிருப்பதைப் பாருங்கள். அது பூட்ஸின் எடை இல்லை. உள்ளே வைத்திருக்கும் பஞ்சு ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பது. நடக்க 200 போதும். டொராண்டோவில் பஸ் ஸ்டாப்பில் நிற்கவும், பேரன் பனிச்சறுக்குவதை ஓரமாக நின்று பார்க்கவும் 400 நல்லது. ஸ்பிதிப் பாறையில் உட்கார 800-க்குக் குறையாமல் பாருங்கள்.

நான்காவது தப்பு, தரை. மேலிருந்து வரும் குளிரைவிட பாறை உறிஞ்சுவது அதிகம். அடிப்பாகம் தடியாக இருக்க வேண்டும், உள்ளே ஃபெல்ட் இன்சோல் இருக்க வேண்டும். அதற்கும் மேல் காசில்லாத வைத்தியம் ஒன்று உண்டு. வீட்டில் கிழிந்து கிடக்கும் பழைய யோகா மேட்டை இரண்டாக வெட்டி, ஒன்றை உட்கார, ஒன்றைக் காலடியில் போட எடுத்துப் போங்கள். அந்தப் பையன் பழைய கம்பளித் துண்டு ஒன்றின் மேல்தான் காலை வைத்திருந்தான். நான் அதை மூன்றாம் நாள்தான் கவனித்தேன்.

சர்க்கரை இருப்பவர்களுக்கு மட்டும் நாலு வார்த்தை. இங்கே பாதி வீடுகளில் இருக்கிறது என்பதால் எல்லோரும் கேளுங்கள். கிளம்புமுன் பாத நரம்புப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். உணர்ச்சி குறைவு என்றால், எவ்வளவு நல்ல பூட்ஸ் போட்டாலும், மணிக்கொரு தடவை கழற்றிக் கண்ணால் பாருங்கள். வலிக்கவில்லை என்பதை நம்பாதீர்கள். சூடு தரும் பாக்கெட்டுகளைப் பூட்ஸுக்குள் வைக்காதீர்கள், சுட்டாலும் தெரியாது. விரல் வெளுத்திருந்தால் தேய்க்கக் கூடாது, நெருப்பில் காட்டக் கூடாது. இன்னொருவரின் வயிற்றுச் சூடோ அக்குள் சூடோ போதும். பிறகு உடனே இறங்கி டாக்டரிடம் போங்கள். தனியாக உட்காராதீர்கள். பக்கத்தில் இருப்பவர் உங்கள் காலைக் கவனிக்கட்டும், நீங்கள் அவர் காலைக் கவனியுங்கள்.

பனிச்சிறுத்தையைப் பார்த்தீர்களா என்று எல்லோரும் கேட்கிறீர்கள். இல்லை. நாங்கள் இறங்கி வந்த அன்று மத்தியானம் மற்றவர்கள் பார்த்தார்கள். அதனால்தான் இந்த ஆறு பேரில் இவரும் ஒருவர், நானும் ஒருத்தி. இந்தத் தடவை இவருக்கு வாங்கிய பூட்ஸ் ஒன்றரை சைஸ் பெரிது. பார்க்க யானைக் கால் மாதிரி இருக்கிறது. போன வாரம் ஏசியை 18-இல் வைத்து, அதைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் சீரியல் பார்க்கச் சொன்னேன். கழற்றியபோது பாதத்தில் சிவப்புக் கோடு ஒன்றுகூட இல்லை. அதுதான் வீட்டிலேயே செய்யக்கூடிய பரீட்சை.

வாங்கிவிட்டவர்கள் வரும் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு, பூட்ஸையும் தடித்த சாக்ஸையும் எடுத்துக்கொண்டு சங்க அறைக்கு வாருங்கள். சேர்ந்து போட்டுப் பார்ப்போம். பில்லைப் பத்திரமாக வையுங்கள். இறுக்கினால் மாற்ற இன்னும் நாள் இருக்கிறது.